தொங்கு சட்டசபை: அப்படி என்னதான் தொங்குது?

ஓட்டு எண்ணுற அன்னிக்கு மதியத்துக்கு மேல, எந்தக் கட்சியும் பாதியைத் தாண்டாதுன்னு லேசா தெரிஞ்சாலே போதும், டிவில கீழ ஓடுற வரில "தொங்கு சட்டசபை"ன்னு வந்துரும். எல்லாருக்கும் புரியுற சொல்தான், ஆனா அதுல தொங்குறது எதுன்னு கேட்டா சபையா, கட்சியா, முதலமைச்சர் நாற்காலியான்னு ஆளுக்கொண்ணு சொல்வாங்க.

அர்த்தம் முதல்ல. தேர்தல்ல எந்த ஒரு கட்சியும், இல்லன்னா தேர்தலுக்கு முன்னாடியே கைகோத்த எந்தக் கூட்டணியும், மொத்த இடத்துல பாதிக்கு மேல ஜெயிக்கலன்னா அந்த சபைக்கு இந்தப் பேரு. தமிழ்நாட்டுல 234 இடம், அப்போ 118 வேணும். கர்நாடகாவுல 224, அங்க 113. இந்த "இல்லன்னா கூட்டணியும்"ங்கிற இடத்துலதான் சண்டையே இருக்கு, அதுக்குக் கொஞ்சம் கழிச்சு வரேன்.

சொல் இங்கிலீஷ்ல இருந்து அப்படியே வந்தது. அமெரிக்கா கோர்ட்டுல 19ஆம் நூற்றாண்டுல இருந்தே "ஹங் ஜூரி"ன்னு ஒண்ணு புழக்கத்துல உண்டு, வழக்குல தீர்ப்பு சொல்ல உக்கார வைக்கிற பொதுமக்கள் குழுதான் ஜூரி, அவங்க பேசிப்பேசி ஒரு முடிவுக்கும் வர முடியாம நின்னுட்டா அப்படி சொல்வாங்க. அந்த "ஹங்" 1970கள்ல பிரிட்டிஷ் அரசியலுக்குத் தாவுச்சு. 1974 பிப்ரவரி தேர்தல்ல 635 இடத்துல லேபர் 301, கன்சர்வேட்டிவ் 297, யாருக்கும் பாதி இல்ல. பிரதமரா இருந்த ஹீத் லிபரல் கட்சிகிட்ட பேசிப் பார்த்தார், படியல, ராஜினாமா பண்ணிட்டார், லேபர் தலைவர் வில்சன் பாதி இடம் இல்லாமலே மைனாரிட்டி அரசு அமைச்சு அதே வருஷம் அக்டோபர்ல மறுபடியும் தேர்தலுக்குப் போனார். "ஹங் பார்லிமென்ட்"ங்கிறது அந்தச் சமயத்துலதான் பேப்பர்ல சகஜமாச்சு.

நம்ம பக்கத்து மொழிக்காரங்க இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு பார்த்தா சுவாரசியமா இருக்கு. மலையாளத்துல "தூக்கு சபை", அச்சு அசல் மொழிபெயர்ப்பு. தமிழ்ல தூக்குன்னா தூக்குத்தண்டனை ஞாபகம்தான் வரும், அதனாலயோ என்னவோ நாம "தொங்கு" பக்கம் போயிட்டோம். ஹிந்தில "திரிசங்கு விதான்சபா"ங்கிறாங்க, விசுவாமித்திரர் சொர்க்கத்துக்கு ஏத்தி விட்டு, தேவர்கள் கீழ தள்ளி, நடுவுல தலைகீழா நின்ன அந்தத் திரிசங்குதான். கன்னடத்துல "அதந்த்ர", நிலையில்லாததுன்னு அர்த்தம். எனக்குப் பிடிச்சது ஹிந்திக்காரங்க பண்ணதுதான், சொல்லைப் பெயர்க்காம தங்க கிட்ட இருந்த ஒரு கதையை எடுத்து மாட்டிட்டாங்க.

நாம "ஹங்"கை மட்டும் பெயர்த்தோம், ஜூரியை விட்டுட்டோம். ஜூரி விஷயத்துல முடிவு எடுக்க வேண்டியவங்களே அந்த ஜூரிதான், அதனால அவங்க "தொங்குறாங்க"ன்னா சரி. சட்டசபை அப்படி இல்லயே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 73ஆம் பிரிவுப்படி ஜெயிச்சவங்க பேரைத் தேர்தல் ஆணையம் அறிவிக்கை போட்டு வெளியிட்ட உடனேயே சபை முறைப்படி அமைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், யாருக்கு எத்தனை சீட்டுங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பீகார்ல 2005 பிப்ரவரி தேர்தல்ல 243 இடத்துல லாலு கட்சி 75, நிதிஷ் கட்சி 55, பாஜக 37, பாஸ்வான் கட்சி 29ன்னு சிதறிப் போச்சு, அரசே அமையாம மே மாசம் சபையைக் கலைச்சாங்க. ஒரு நாள் கூட கூடாத சபையை எப்படிக் கலைக்க முடியும்னு வழக்கு போனப்போ சுப்ரீம் கோர்ட் இந்த 73ஐத்தான் காட்டுச்சு, அறிவிக்கை வந்தப்பவே சபை அமைஞ்சாச்சு, முதல் கூட்டம் நடந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு. (கலைச்ச விதம் தப்புன்னும் சொல்லுச்சு, ஆளுநர் பூட்டா சிங் பதவி விலக வேண்டி வந்தது, அது தனிக் கதை.) கேரளாவுலயும் 1965ல இப்படித்தான், 133ல மார்க்சிஸ்ட் 40தான் பெரிய கட்சி, சபை கூடாமலே போச்சு. ஆக சபை கெட்டியாதான் இருக்கு, ஆட்சி யார் கைக்குப் போகும்ங்கிறதுதான் தொங்குது.

சொல் லேட்டா வந்தாலும் விஷயம் நமக்கு 1952லயே வந்துடுச்சு. அப்போ ஆந்திராவும் மலபாரும் சேர்ந்த சென்னை மாகாணம், 375 இடம், காங்கிரசுக்கு 152. முதலமைச்சரா இருந்த குமாரசாமி ராஜாவே தோத்துட்டார். ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமைல கம்யூனிஸ்டுகளும் மத்தவங்களும் ஒரு முன்னணி அமைச்சு நாங்க ரெடின்னு நின்னாங்க. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா கூப்பிட்டது ராஜாஜியை, அவர் தேர்தல்ல நிக்கவே இல்ல, மேலவைக்கு நியமன உறுப்பினரா கொண்டு வந்து முதலமைச்சர் ஆக்கினாங்க. காமன்வீல் கட்சி மாணிக்கவேலு நாயக்கர் மந்திரி ஆனார், ராமசாமி படையாச்சியோட உழைப்பாளர் கட்சி வெளிய இருந்து ஆதரவு. இன்னிக்கு டிவில விவாதம் பண்ற அத்தனை அயிட்டமும் அந்த ஒரே தேர்தல்ல இருக்கு.

இப்போ அந்தக் கூட்டணி சண்டை. 2006ல திமுக 96, தனியா பாதி இல்ல. ஆனா காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6, எல்லாம் சேர்த்து 163. கட்சிக் கணக்குல பார்த்தா தொங்கு, கூட்டணிக் கணக்குல பார்த்தா தாராளமா மெஜாரிட்டி. கருணாநிதி அஞ்சாவது தடவை முதலமைச்சரானார், திமுக மட்டும்தான் மந்திரிசபைல, மத்தவங்க வெளிய இருந்து ஆதரவு. ஜெயலலிதா அஞ்சு வருஷமும் "மைனாரிட்டி திமுக அரசு"ன்னு சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தையை ஊர் முழுக்கப் பழக்கிட்டாங்க. அப்போ ஏன் யாரும் "சிறுபான்மை அரசு"ன்னு சொல்லலன்னா, சிறுபான்மைன்னதும் நம்ம காதுக்கு முஸ்லிம், கிறிஸ்தவர்னுதான் கேக்கும், அதனால இங்கிலீஷ் சொல்தான் நின்னுச்சு. நடுவுல பாமகவும் கம்யூனிஸ்டுகளும் விலகிப் போனாங்க, 96ம் 34ம் சேர்ந்தாலே 130, ஆட்சி ஆடவே இல்ல. அதனால மைனாரிட்டி அரசும் தொங்கு சட்டசபையும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க, முதலாவது ஆட்சியைப் பத்தினது, ரெண்டாவது தேர்தல் முடிவைப் பத்தினது.

இன்னொரு குழப்பம், "தனிப்பெருங்கட்சி"யையும் "தனிப்பெரும்பான்மை"யையும் மாத்தி மாத்திப் போடுறது. தனிப்பெருங்கட்சின்னா இருக்கறதுலயே அதிக சீட்டு வாங்கினது, அவ்ளோதான். தனிப்பெரும்பான்மைன்னா ஒரே கட்சி பாதியைத் தாண்டினது. கர்நாடகாவுல 2018ல பாஜக 104 வாங்கி தனிப்பெருங்கட்சியா வந்தும் தனிப்பெரும்பான்மை இல்ல. எடியூரப்பா மே 17 பதவி ஏத்தார், ஆளுநர் 15 நாள் டைம் குடுத்தார், சுப்ரீம் கோர்ட் 19ஆம் தேதியே சபைல நிரூபின்னு சொல்லிடுச்சு, ஓட்டெடுப்புக்கு முன்னாடியே ராஜினாமா. 37 சீட்டு வச்சிருந்த மதச்சார்பற்ற ஜனதா தளத்துக் குமாரசாமி, காங்கிரஸ் ஆதரவோட முதலமைச்சர்.

சரி, நல்ல தமிழ்ல என்ன சொல்லலாம்? "இழுபறி சபை"ன்னு சிலர் எழுதுறாங்க. இழுத்தலும் பறித்தலும்தான் இழுபறி, ரிசார்ட்டுல எம்.எல்.ஏ.க்களை அடைச்சு வைக்கிறதுக்கு அப்படியே பொருந்துற சொல், ஆனா ஒரு தொகுதில ஓட்டு கிட்டக்கிட்ட வந்தாலும் "இழுபறி"ன்னுதான் சொல்றோம், அங்கதான் இடிக்குது. என் ஓட்டு "அறுதி"க்கு. பத்திர ஆபீஸ்ல "அறுதிக் கிரயம்"னு எழுதுவாங்க, ஒத்தி அடமானம்னு இழுக்காம ஒரேயடியா வித்தாச்சுன்னு. அறு, அறுதி, முடிவா தீர்ந்தது. "அறுதிப் பெரும்பான்மை" ஏற்கனவே எல்லார் வாயிலயும் இருக்கு, அப்போ "அறுதிப் பெரும்பான்மை இல்லாத பேரவை", சுருக்கமா "அறுதியிலாப் பேரவை". பேரவைங்கிறதும் நம்ம சட்டப்பேரவையோட அதிகாரப்பூர்வ பேருதான், வடமொழி சபையை விட இது தேவலை.

டிவி வரில "தொங்கு" மூணே எழுத்து, அதை அவ்ளோ சுலபமா யாரும் விட மாட்டாங்கன்னு தெரியும். அறுதிலயும் ஒரு சிக்கல் இருக்கு. நம்பிக்கை ஓட்டுக்கு அறுதிப் பெரும்பான்மை தேவையே இல்ல, அன்னிக்கு வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல இருந்தா போதும். அதே கர்நாடகாவுல 2019 ஜூலை 23 குமாரசாமி அரசு 99க்கு 105ன்னு கவிழ்ந்தது, ராஜினாமா கடிதம் குடுத்த எம்.எல்.ஏ.க்கள் சபைக்கே வரல. கவிழ்த்த 105 கூட 113ஐ எட்டல, மூணாம் நாள் எடியூரப்பா மறுபடியும் பதவி ஏத்துட்டார்.