படிப்பின் பெயரில் தேடினால் உதவித்தொகை கிடைக்காது

போன கோடையில் எங்கள் சர்வே அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு பெண் வந்திருந்தாள். ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (புவித் தகவலியல்) மூன்றாம் ஆண்டு. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை ஸ்டாண்டில் மாட்டி லெவல் பார்ப்பதில் எங்கள் பழைய ஆட்களைவிட வேகம். மதியச் சாப்பாட்டில் பேச்சு ஹாஸ்டல் ஃபீஸ் பக்கம் போனது. "சர்வே படிக்கிறவங்களுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே இல்ல சார். நெட்ல எவ்வளவோ தேடிட்டேன்" என்றாள்.

பிளானிங் (நகரமைப்பு) படிக்கும் பையன்களும் இதையேதான் சொல்வார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். அவ்வளவு பழைய படிப்பு. ஆனால் அரசு உதவித்தொகைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். சர்வே, நகரமைப்பு இரண்டும் 'தொழில்நுட்பக் கல்வி' என்ற பெரிய குடைக்குள் இருக்கின்றன. அதனால் என்ன படிக்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் யார் என்று தேட வேண்டும். பெண்ணா, வீட்டில் முதல் பட்டதாரியா, அரசுப் பள்ளியா, எந்த வகுப்பு, குடும்ப வருமானம் எவ்வளவு?

அந்தப் பெண்ணின் கதையையே எடுத்துக்கொள்வோம். முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்குக் கிடைத்திருந்தது. வருமான வரம்பு இல்லாத சலுகை அது. வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் தருவார்கள். அதற்கான சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வரும். கவுன்சலிங் நேரத்தில் ஓடாமல் பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே போடுங்கள்.

அவள் தவறவிட்டது பிரகதி. ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மாணவிகளுக்குத் தரும் உதவித்தொகை அது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிகிரி, டிப்ளமோ இரண்டுக்கும் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் (லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் என்றால் அந்த ஆண்டில்) சேர்ந்தவர்கள்தான் புதிதாக விண்ணப்பிக்கலாம், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பித்தல். மூன்றாம் ஆண்டில் வந்து கேட்டால் கதவு சாத்தியாகிவிட்டது. இதைச் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 'சக்ஷம்' என்று இதேபோல ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி மட்டுமல்ல, உங்கள் பிரிவும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். நகரமைப்பு, ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் மாதிரி சின்னப் பிரிவுகளில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் இப்போது நல்ல காலம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். 2022-ல் வந்த புதுமைப் பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு.

வரும் என்று எழுதிவிட்டேன். எங்கே வரும் என்பதில்தான் வம்பு. எங்களோடு அளவெடுக்கும்போது பிரிசக் கம்பு பிடிக்க வரும் டிப்ளமோ தம்பி ஒருவன், மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். பணம் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, அவன் மறந்தே போன வேறொரு வங்கிக் கணக்குக்கு! வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் தேசிய அமைப்பான என்.பி.சி.ஐ.-யின் பதிவில் உங்கள் ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு சேர்ந்ததோ (இதைத்தான் 'சீட்' ஆவது என்பார்கள்) அங்கேதான் அரசுப் பணம் விழும். விண்ணப்பத்தில் நீங்கள் எந்த எண்ணை எழுதினீர்கள் என்பது பெரும்பாலும் பொருட்டே அல்ல. வங்கிக்குப் போய் "என் ஆதார் என்.பி.சி.ஐ.-யில் எந்த பேங்கோடு சீட் ஆகியிருக்கு?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அந்த வங்கியில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, என்.பி.சி.ஐ.-யில் சீட் ஆகியிருப்பது வேறு.

அடுத்தது இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் வரும், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக நிற்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பட்டாவில் ஒரு எழுத்து மாறினால் அலைய வேண்டியதை நாங்கள் தினம் பார்க்கிறோம், இங்கேயும் அதே அலைச்சல்தான்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு) உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். இதில் எஸ்.சி. மாணவர்களுக்கு மத்திய அரசின் பங்கு நேராக அவர்கள் கணக்குக்கே வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் சேர்ந்தே இருக்கும். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, பிறகு ஹால் டிக்கெட் நேரத்தில் தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பணம் வந்தால் முதலில் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மேற்படிப்புக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கேட் (GATE) என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். கட்டடக்கலையும் திட்டமிடலும் என்று ஒரு தாள் முன்பே இருந்தது, 2022 முதல் சர்வே சார்ந்த ஜியோமேட்டிக்ஸுக்கும் தனித் தாள் வந்துவிட்டது. கேட் தகுதியோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். மாநில நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தவர் அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பார், அவருக்கு இந்தப் பணம் கிடையாது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அந்த உதவித்தொகைக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கு வேண்டும், ஜாயின்ட் அக்கவுன்ட் ஆகாது.

கடைசியாகக் கல்லூரி. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் நீங்கள் 'சப்மிட்' அழுத்தியதோடு வேலை முடியவில்லை. கல்லூரியில் ஒருவர் உள்ளே நுழைந்து சரிபார்த்தால்தான் அது மேலே போகும். அவருக்கு ஆயிரம் வேலை. கூச்சப்படாமல் போய் நின்று "சார், என்னுது வெரிஃபை ஆச்சா?" என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

ஜூலையில் அந்தப் பெண் மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள், கூடவே தங்கை. சிவில் டிப்ளமோவில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பிரகதி ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை கிடைக்கும், அக்கா வாங்காவிட்டாலும் தங்கை வாங்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் மூன்றையும் என் மேசையில் வரிசையாக வைத்து, "பாத்துக்கோங்க சார், மூணுலயும் இனிஷியல் பின்னாடிதான்" என்றாள் அக்கா.