வலையில் விழுந்தது புது இனமா?

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் வீச்சுவலை போடுகிறவர்களுக்குக் கரிமீனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தட்டையான அகல உடம்பு, பச்சை கலந்த சாம்பல் நிறம், செதில்களில் முத்து முத்தாய் வெள்ளைப் புள்ளிகள். ஜிலேபி என்று நாம் கூப்பிடும் திலேப்பியாவும் அதே வலையில் வரும். இரண்டும் சிக்லிட் குடும்பம்தான். கரிமீன் இந்த மண்ணுடையது. ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டிலும் சேராத ஒரு சிக்லிட் பழையாற்றிலோ குழித்துறை ஆற்றிலோ சிக்கினால் என்ன ஆகும்? "புதிய மீன் கண்டுபிடிப்பு" என்று மறுநாளே செய்தி போட்டுவிடலாம். அறிவியல் அதை ஒப்புக்கொள்ள ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது நிறத்தை. முட்டையிடும் காலத்தில் ஒரு நிறம், மிரண்டால் ஒரு நிறம், கலங்கல் தண்ணீரில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வதில் சிக்லிட்கள் கெட்டிக்காரர்கள். போதாக்குறைக்கு, வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன மீன்களைக் குளத்தில் கொண்டுபோய் விடும் வழக்கம் வேறு நம்மிடம் இருக்கிறது. விசித்திரமாய்த் தெரியும் சிக்லிட் பெரும்பாலும் இப்படித் தப்பி வந்ததாகவோ, திலேப்பியாக்களின் கலப்பினமாகவோதான் இருக்கும்.

இதைப் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. மீனைக் கையில் எடுத்து, வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத் துடுப்பின் முன்விளிம்பை விரலால் விரித்து முட்களை எண்ண வேண்டும். ஜிலேபியில் 3 முள். கரிமீனில் 12 அல்லது 13. கேரளத்தில் பள்ளத்தி எனப்படும் சின்ன சிக்லிட்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. எண்ணிக்கை நம்மூர்க் கணக்கோடு ஒத்துப்போனால்தான் மேலே போவதில் பொருள் உண்டு. இந்த உள்ளூர்க் குழுவின் மிக நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்க நிலப்பரப்பில் இல்லை, மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோதே மீன்களும் பிரிந்தனவா, பிற்பாடு கடல் கடந்தனவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சிக்லிட்களின் பழைய புதைபடிவங்கள் அவ்வளவு பின்னோக்கிப் போகாததுதான் சிக்கல்.

அடுத்து மாதிரி எடுப்பது. இதில் வரிசை முக்கியம். உயிரோடிருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும். பாதுகாப்புத் திரவத்தில் நிறம் நிற்காது. பிறகு துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டித் தூய ஆல்கஹாலில் போட வேண்டும். அதன் பின்னரே மீனை ஃபார்மலினில் பதப்படுத்தலாம். மாற்றிச் செய்தால் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். கடைசியில் 70 சதவீத ஆல்கஹால் நிரம்பிய ஜாடி.

அளப்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை. வால் நுனி கிழிந்திருக்கக்கூடும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. தலை, கண், உடல் உயரம் எல்லாவற்றையும் இந்த நீளத்தின் சதவீதமாக மாற்றுவார்கள். ஆனால் குஞ்சு மீனுக்கு உடம்போடு ஒப்பிட்டால் கண் பெரிது. வளர வளர விகிதம் குறையும். ஓரிடத்துக் குஞ்சுகளையும் இன்னோரிடத்துப் பெரிய மீன்களையும் பக்கத்தில் வைத்தால் இல்லாத இனம் ஒன்று பிறந்துவிடும். அதனால்தான் பல அளவுகளில், ஆணும் பெண்ணுமாக, நிறைய மாதிரிகள் தேவை. முதுகெலும்புக் கணுக்களை எண்ண எக்ஸ்ரே.

மரபணு பார்த்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாகப் படிக்கப்படுவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏவின் ஒரு துண்டு, சுமார் 650 எழுத்துகள். அது தாய்வழியில் மட்டுமே வரும். ஆகவே கலப்பின மீன் தன் தாயின் இனமாகவே வேடம் போட்டு நிற்கும். இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்ற சட்டமும் கிடையாது. முள், செதில், பல், மரபணு எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நான் நம்புவேன்.

உண்மையான சோதனை அருங்காட்சியகங்களின் பழைய ஜாடிகளோடும் பழைய நூல்களோடும்தான். பெர்லின் மருத்துவர் புளோக் 1790இல் கரிமீனை விவரித்தார். 1830இல் எட்ரோப்ளஸ் மெலியாகிரிஸ் என்று இன்னொரு பெயர் அச்சேறியது. பிறகு பார்த்தால் அதே மீன். முந்திய பெயரே செல்லும் என்பது விலங்குப் பெயரிடல் விதி என்பதால் பிந்தியது தள்ளுபடியானது. 1877இல் ஃபிரான்சிஸ் டே விவரித்த கன்னடக் கரையோர மீனான எட்ரோப்ளஸ் கனரென்சிஸ் மட்டும் தனி இனமாக நிலைத்தது.

ஒப்பீட்டில் தேறினால் ஒரே ஒரு மீனை மூலமாதிரியாகக் குறிக்க வேண்டும். பின்னாளில் யார் சந்தேகப்பட்டாலும் தீர்ப்புக்கு அந்த மீனிடமே போவார்கள். அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று புதிய இனத்தை அறிவிக்கும் கட்டுரையில் சொல்வது 1999க்குப் பிறகு கட்டாயம். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, புதிய இனத்தின் சான்று மாதிரியை அரசு குறித்த தேசியக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்கவும் வேண்டும்.

பெயர் வைத்த பிறகும் பேரினம், அதாவது பெயரின் முதல் சொல் குறிக்கும் நெருங்கிய இனங்களின் தொகுதி, மாறலாம். புளோக் கரிமீனைக் கடல்மீன்கள் அடங்கிய கீட்டோடான் பேரினத்தில் போட்டிருந்தார். பிறகுதான் எட்ரோப்ளஸுக்கு வந்தது. அதனால் அது எட்ரோப்ளஸ் சுராடென்சிஸ் (புளோக், 1790) என்று அடைப்புக்குறியோடு எழுதப்படுகிறது. டேயின் மீன் அவர் வைத்த பேரினத்திலேயே இருப்பதால் எட்ரோப்ளஸ் கனரென்சிஸ் டே, 1877. அங்கே அடைப்புக்குறி கிடையாது.