மேலிறக்கையில் தொங்கிய குண்டுவீச்சு விமானம்

1930 ஜூனில் இங்கிலாந்தின் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் எச்.பி.38 என்ற சோதனை விமானத்தைப் பறக்கவிட்டது. இரட்டை இறக்கை விமானங்களில் உடற்பகுதி பொதுவாகக் கீழிறக்கையின் மேல் அமர்ந்திருக்கும். இதில் அது மேலிறக்கையோடு ஒட்டியிருந்தது. கீழிறக்கையோ தரைக்கு மிக அருகில் தனியாக நின்றது. விமானியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரத்தில்!

பார்க்க விநோதம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. கீழிறக்கையின் நடுப்பகுதியை மட்டும் இரண்டு மடங்கு தடிமனாக்கி, அதற்குள் குண்டுகளை வைத்தார்கள். எஞ்சின்கள் மேலிறக்கையின் கீழே இருந்ததால் புரொப்பல்லர்கள் தலைக்கு மேலே உயரத்தில் சுற்றின. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரைப் பணியாளர்கள் குண்டுகளை மாட்ட முடிந்தது.

சரி, இரண்டு இறக்கை எதற்கு? ரயில் பாலத்தின் இரும்புச் சட்டம் போலத்தான். மேலும் கீழும் இறக்கை, நடுவில் தூண்கள், குறுக்கே கம்பிகள். எடை குறைவு, உறுதி அதிகம். அந்தக் கம்பிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பறக்கும்போது காற்று இறக்கைகளை மேலே வளைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு தொகுதிக் கம்பிகள் விறைத்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போது இறக்கையின் சொந்த எடை அதைக் கீழே இழுக்கும். அப்போது எதிர்த்திசையில் போகும் மற்றொரு தொகுதி சுமையை ஏற்கும்.

இதற்கு விலையும் உண்டு. மேலிறக்கையின் அடியிலுள்ள அதிக அழுத்தமும் கீழிறக்கையின் மேலுள்ள குறைந்த அழுத்தமும் ஒன்றையொன்று கெடுப்பதால், தூக்குவிசை இரட்டிப்பாவதில்லை. கம்பிகளும் தூண்களும் காற்றை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சின்கள் இருந்தும், இந்த வடிவமைப்பிலிருந்து உருவாகி 1933இல் படையில் சேர்ந்த ஹேஃபோர்டின் உச்ச வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் அளவுதான். வேகமான ஒற்றை இறக்கை விமானங்கள் வந்ததும் அதன் காலம் முடிந்தது.

ஆனால் அதன் முக்கியமான வேலை, என் பார்வையில், குண்டு வீசுவதே அல்ல. வானொலி அலைகளைக் கொண்டு விமானத்தைக் கண்டறிய முடியுமா என்று பார்க்க, 1935 பிப்ரவரி 26 அன்று ஒரு ஹேஃபோர்ட், இங்கிலாந்தின் டேவன்ட்ரியிலிருந்த பிபிசி சிற்றலை ஒலிபரப்பியின் கதிருக்குள் பறந்தது. அலைநீளம் 49 மீட்டர். விமானத்தின் இறக்கை வீச்சு சுமார் 23 மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை அலை. அந்த அளவுள்ள உலோகச் சட்டம் ஆன்டெனாவைப் போல அலையை வாங்கித் திருப்பி வீசும் என்று வானொலி ஆய்வாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் முன்பே கணக்கிட்டிருந்தார். வயல்வெளியில் ஒரு வண்டிக்குள் அவரும் அவருடைய மேலதிகாரி ராபர்ட் வாட்சன்-வாட்டும் அலைவாங்கியின் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். விமானம் வர வர ஒளிப்புள்ளி அசைந்தது. சுமார் 13 கிலோமீட்டர்வரை அதைக் கண்டறிய முடிந்தது. பிரிட்டனின் ரேடார் ஆய்வுக்குப் பணம் கிடைத்தது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.