செறிவூட்டல்: ஊட்டாமல் கூடும் செறிவு

'செறிதல்' என்றால் நெருங்குதல், அடர்தல். 'உண்' என்னும் வினையின் பிறவினை 'ஊட்டு'. இரண்டும் சேர்ந்த 'செறிவூட்டல்' சத்து சேர்த்த அரிசிக்கு அப்படியே பொருந்தும். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றை அதில் உண்மையிலேயே சேர்க்கிறார்கள். அணு உலை எரிபொருளான யுரேனியத்தைச் செறிவூட்டும்போதோ வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. வேண்டாததைப் பிரித்து விலக்க, வேண்டியதன் பங்கு தானாகக் கூடுகிறது.

வேண்டியது, நியூட்ரான் பட்டால் எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235 என்னும் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை. இயற்கை யுரேனியத்தில் எடையளவில் 0.711 சதவீதம்தான் அது. மற்றதெல்லாம் ஏறக்குறைய யுரேனியம்-238. சாதாரண நீர் நியூட்ரான்களைச் சற்று விழுங்கிவிடும் என்பதால், அதைப் பயன்படுத்தும் கூடங்குளம் போன்ற உலைகளின் எரிபொருளில் இந்தப் பங்கு 3 முதல் 5 சதவீதம் வரை இருக்க வேண்டும். கனநீர் மிகக் குறைவாகவே விழுங்கும் என்பதால், கல்பாக்கத்தின் கனநீர் உலைகளுக்கு இயற்கை யுரேனியமே போதும்.

இரண்டும் வேதியியல் குணத்தில் ஒன்றே. பிடித்துக்கொள்ள எடை வேறுபாடு மட்டுமே உண்டு. அதனால் யுரேனியத்தை ஃபுளோரினுடன் சேர்த்து, எளிதில் வாயுவாகும் ஹெக்சாஃபுளோரைடாக மாற்றுகிறார்கள். அறை வெப்பத்தில் திண்மம், 56.5 டிகிரி செல்சியஸில் உருகாமலே ஆவியாகும். ஃபுளோரின் இயற்கையில் ஒரே வகை அணுவாக மட்டும் கிடைப்பது பெரிய வசதி: மூலக்கூறு எடை 349, 352 என்று வேறுபடுவது யுரேனியத்தால் மட்டுமே. சுழலும் மையவிலக்குக் கலனில் கனமானது சுவரோரம் கூடுதலாகச் சேரும். வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் ஒரு கலனில் கிடைக்கும் பலன் சொற்பம். கலன்களைத் தொடராக இணைத்தே ஆக வேண்டும். ஈரக்காற்று உள்ளே கசிந்தால் அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும், குழாயில் படியும் திண்மமும் உண்டாகும்.

4 சதவீத யுரேனியம் 1 கிலோ பெற, கழிவில் 0.25 சதவீதம் விட்டால், இயற்கை யுரேனியம் சுமார் 8.1 கிலோ வேண்டும். 7.1 கிலோ ஒதுக்கப்படுகிறது. இதைப் பார்த்தபின் 'ஊட்டல்' என்று சொல்ல மனம் வருமா? 'செறிவாக்கம்' இன்னும் துல்லியம். ஆனாலும் செறிவூட்டல் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். 'சுத்திகரிப்பு' மட்டும் தவறு. மாசு நீக்கும் அந்த வேலை இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 'அடர்பித்தல்' தாதுவுக்கு உரியது.

ஐசோடோப்பை இலங்கைப் பாடநூல்கள் 'சமதானி' என்கின்றன; அழகான சொல்.

அதிகம் குழப்புவது 'செறிவு குறைந்த யுரேனியம்'. 20 சதவீதத்துக்குக் கீழே செறிவூட்டியதையும் அப்படி எழுதுகிறார்கள், ஒதுக்கிய கழிவையும் அப்படியே எழுதுகிறார்கள். முன்னது 0.711-க்கு மேல், பின்னது கீழ். முன்னதைக் 'குறைவாகச் செறிவூட்டிய யுரேனியம்' என்றும் பின்னதைச் 'செறிவிழந்த யுரேனியம்' என்றும் பிரித்தெழுதுவதே சரி.