பயாப்சி என்றதும் ஃபைலை மூடாதீர்கள்

"பயாப்சியா? அப்போ கேன்சரா டாக்டர்?"

இந்த மாதம் மூன்றாவது முறையாக இதே கேள்வி. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அம்மா மடியில் பத்து மாதக் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறது. நான் பதில் சொல்வதற்குள் அப்பா ஃபைலை மூடிவிட்டார். ஆறு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. பயாப்சி அப்போதும் செய்தோம், பல மடங்கு கூடுதல் பயத்தோடு.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். பயாப்சி என்றால் திசுவைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு நுரையீரல் முழுக்கப் பரவிய பாதிப்பு இருந்தால், நாங்கள் தேடுவது பெரும்பாலும் புற்றுநோயை அல்ல. காற்றறைகளின் சுவர் ஏன் தடித்தது? பிறவி வளர்ச்சிக் குறையா, கிருமியா, எதிர்ப்புச் சக்திக் கோளாறா? இதைத்தான். "கத்தி பட்டால் பரவிடும்" என்கிறார்கள். இல்லாத புற்றுநோய் எங்கிருந்து பரவும்?

எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை. சிடி ஸ்கேன், எக்கோ (இதய ஸ்கேன்), மரபணுப் பரிசோதனை எல்லாம் முதலில். காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் பொருள் சர்ஃபாக்டன்ட்; அதன் மரபணுக் கோளாறு ரத்தத்திலேயே தெரிந்துவிட்டால் மார்பைத் தொட வேண்டாம். 'நேஹி' (NEHI) என்ற, கைக்குழந்தைகளுக்கு வரும் அரிய நுரையீரல் நோயில் சிடி படமே பல நேரம் போதும். அதற்கு ஸ்டீராய்டும் பலன் தராது. ஆனால் மரபணு ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும். நாளுக்கு நாள் மோசமாகும் குழந்தையால் அதுவரை காத்திருக்க முடியாது.

பெரும்பாலும் சிறு துளைகள் வழியே, கேமரா வைத்து, சின்னத் துண்டுகள் எடுப்போம். அப்புறம் மார்பில் ஒரு குழாய் இருக்கும். காற்றுக் கசிவும் ரத்தப்போக்கும் வரலாம், மறைக்கவில்லை. குழந்தை எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும்.

சக மருத்துவர்களுக்கு: எடுத்த துண்டு முழுவதையும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாதீர்கள். கிருமி கல்ச்சருக்கு, உறையவைக்க, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு என்று பிரிக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்பே, திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

பெற்றோருக்கு: பழைய சிடி ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து எங்களிடம் ஒன்று கேளுங்கள்: "ரிசல்ட் வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" தெளிவான பதில் வராவிட்டால் வேறொரு டாக்டரையும் பாருங்கள். வந்தால், நாள் கடத்தாமல் கையெழுத்துப் போடுங்கள்.