நல்கையா, மானியமா?

உரத்துக்குக் கிடைப்பதும் மானியம், ஆய்வுக்குக் கிடைப்பதும் மானியம். ஆங்கிலத்தில் சப்ஸிடி, கிராண்ட் என்று தனித்தனியே நிற்கும் இரண்டையும் தமிழில் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். ஏழைக் குடியிருப்புகளில் காய்கனி கிடைக்கச் செய்ய அமெரிக்க அரசு நடத்தும் திட்டங்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தக் குழப்பம் உடனே தலைகாட்டும்.

மானியம் வடமொழி ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். பிறகு அது மரியாதைக்காகவோ ஊழியத்துக்காகவோ வரி நீக்கி விட்ட நிலத்தைக் குறித்தது. சோழர் கல்வெட்டுகள் வரியில்லா நிலத்தை ‘இறையிலி’ என்கின்றன. அங்கே அரசு கையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை, வரவேண்டியதை விட்டுக்கொடுத்தது. வாங்குபவரின் சுமையில் ஒரு பங்கை அரசு ஏற்கும் சப்ஸிடிக்கு ஆகவே மானியம் நன்றாகவே பொருந்துகிறது.

கிராண்ட் வேறு சரக்கு. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அதன் வேர், ‘நம்பு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் ‘கிரெடரே’. கிரெடிட்டும் அதே வேரில் முளைத்ததுதான். குறித்த வேலைக்கு நம்பிப் பணம் தந்து, பின்னால் கணக்குக் கேட்பது கிராண்ட். அதற்கு ‘நல்கை’ சரியான தமிழ். கொடு என்பதிலிருந்து கொடை வந்ததுபோல, நல்கு என்பதிலிருந்து நல்கை. ‘நல்ல கை’ என்று பிரிப்பது விளையாட்டுக்கு ஆகும், இலக்கணத்துக்கு ஆகாது. குறளின் காமத்துப்பாலில் நல்காமை என்றால் காதலர் அன்பு காட்டாமை. கொடுப்பதும் அருள்வதும் அந்தச் சொல்லில் ஒன்றாக இருந்தன. நன்கொடை என்றால் நிபந்தனை தெரியாது, உதவித்தொகை என்றால் மாணவர் நினைவுக்கு வருவார். இரண்டும் இங்கே உதவாது.

இரண்டு சொற்களும் தேவை என்பதற்கு கஸ் ஷூமாக்கர் ஊட்டச்சத்து ஊக்கத்திட்டமே சான்று. 2014 வேளாண் சட்டத்தில் வேறு பெயரில் தொடங்கி, 2018 சட்டத்தில் இந்தப் பெயர் பெற்றது. ஸ்னாப் என்னும் உணவு உதவி அட்டையில் ஒருவர் 10 டாலருக்குக் காய்கனி வாங்கினால், சில சந்தைகளில் இன்னொரு 10 டாலருக்கு வாங்கிக்கொள்ள டோக்கன் தருவார்கள். சந்தையை நடத்தும் அமைப்புக்கு அரசிடமிருந்து வந்தது நல்கை. வாடிக்கையாளர் கையில் விழுந்தது மானியம். இரண்டையும் மானியம் என்றே எழுதினால், விண்ணப்பிக்க வேண்டியவர் யார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

கடைகளுக்கான நலவுணவு நிதியுதவித் திட்டத்துக்கு முன்மாதிரி பென்சில்வேனியா. அந்த மாநிலம் 2004இல் 3 கோடி டாலர் விதைநிதி போட்டது. 2014 வேளாண் சட்டம் கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், திட்டத்துக்கு 12.5 கோடி டாலர் வரை ஒதுக்க அனுமதி தந்தது. ஆனால் அனுமதித்த தொகை வேறு, கைக்கு வந்த ஒதுக்கீடு வேறு. கடை அழுகும் பொருள்களையும் அன்றாட உணவுப் பொருள்களையும் விற்க வேண்டும், ஸ்னாப் அட்டையை ஏற்க வேண்டும். இங்கே நல்கையோடு கடனும் உண்டு என்பதால் ‘நிதியுதவி’ என்ற பொதுச்சொல்லே பொருத்தம்.

நல்ல உணவு விற்கும் கடை எட்டாத பகுதியை ‘உணவுப் பாலை’ என்பார்கள். எந்த இடம் அப்படி? வேளாண் துறையின் பழகிய அளவுகோலில், பெரிய மளிகைக்கடை நகரத்தில் 1 மைலுக்கும் நாட்டுப்புறத்தில் 10 மைலுக்கும் அப்பால் இருக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டத்தில் 500 பேராவது, அல்லது மக்களில் 33 சதவீதமாவது அப்படி வசிக்க வேண்டும். பாலை என்ற சொல் தற்செயலாக நன்றாக வாய்த்திருக்கிறது: முல்லையும் குறிஞ்சியும் தன்மை கெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். இந்த வட்டங்களிலும் முன்பு கடை இருந்து போன இடங்கள் உண்டு.

விண்ணப்பத்தில் அதிகம் இடறவைப்பது ‘இணைநிதி’, அதாவது நல்கைக்கு ஈடாக அமைப்பு தன் பக்கத்திலிருந்து காட்ட வேண்டிய பங்கு. மேற்சொன்ன ஊக்கத்திட்டத்தில் கூட்டரசின் பங்கு பாதியைத் தாண்டாது. 1 லட்சம் டாலர் கேட்டால் இன்னொரு லட்சத்தை அமைப்பு காட்ட வேண்டும். பணமாக மட்டுமல்ல, இடம், தன்னார்வலர் உழைப்பு போன்ற பொருள்வழிப் பங்களிப்பாகவும் காட்டலாம். உழைப்பை அதே வேலைக்குரிய கூலி விகிதத்தில் கணக்கிட்டு, நேரப்பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். வேறொரு கூட்டரசு நல்கையை இணைநிதியாகக் காட்டுவதும், ஒரே தொகையை இரண்டு நல்கைகளுக்குக் காட்டுவதும் பொதுவாகச் செல்லாது.

கூட்டரசிடம் நேரடியாக விண்ணப்பிக்கும் அமைப்புக்கு 12 எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் வேண்டும். அதுவரை அமைப்புகளை அடையாளம் காட்டிய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரலில் வந்தது இது. கூட்டரசிடம் செய்யும் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்குபவர்கள் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நல்கை உறுதியாகும் முன்பே, முன் அனுமதி இல்லாமல் குளிரறையை வாங்கிவிட்டால் அந்தச் செலவு திரும்ப வராமல் போகலாம். ஓராண்டுக்கு மேல் உழைக்கும், 10,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருள் ‘உபகரணம்’ என்று 2024 அக்டோபர் முதல் கணக்கு. அதற்கு முன் வரம்பு 5,000. கடை பின்னால் மூடப்பட்டு, அந்தக் குளிரறையின் சந்தை மதிப்பு அப்போதும் 10,000 டாலரைத் தாண்டினால், விற்ற பணத்தில் பங்கு கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு.