மெல்லிய கோட்டுக்குக் குட்டி பிரஷ் வேண்டாம்

மரக்கிளை சேறாகிப் போன ஆயில் பெயின்ட் கான்வாஸ் இந்த வாரமும் ஒன்று என்னிடம் வந்தது. கருஞ்சாம்பல் கோடு வானத்து வெள்ளையைச் சுரண்டிக்கொண்டு, இரண்டு அங்குலம் தாண்டுவதற்குள் வெளிறிவிட்டது. கூடவே வந்த பிரஷ்? 000 எண், அதாவது மிகச் சிறியது, குட்டை முடி. எப்போதும் இதேதான்.

கோடு மெலிய பிரஷ்ஷும் சின்னதாக இருக்க வேண்டும் என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். ஆயில் பெயின்ட்டில், அதுவும் காயாத வண்ணத்தின் மேலேயே ஈரத்தின் மேல் ஈரமாக வரையும்போது, கோட்டைக் கெடுப்பதே அந்தக் குட்டி பிரஷ்தான். அதில் தங்கும் வண்ணம் ஓர் அங்குலத்துக்குக்கூடப் போதாது. வண்ணம் தீர்ந்ததும் கை தானாக அழுத்தும். அழுத்தினால் பிரஷ்ஷின் முடி, அடியில் இருக்கும் வண்ணத்தை உழுதுவிடும். கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது முடியின் நுனியும் கையின் அழுத்தமும்தான், பிரஷ்ஷின் எண் அல்ல. நீள முடி உள்ள லைனர் அல்லது ரிக்கர், 1 அல்லது 2 எண், வாங்குங்கள். பாய்மரக் கப்பலின் கயிறுகளை வரையப் பயன்பட்டதால்தான் ரிக்கர் என்ற பெயரே வந்தது. நீண்ட முடி வண்ணத்தைத் தேக்கி வைத்து, நுனிக்குச் சிறுகச் சிறுக விடும்.

வண்ணம் மையைப் போல ஓட வேண்டும். வண்ணம் குழைக்கும் தட்டான பேலட்டில் கொஞ்சம் வண்ணம் எடுத்து, அதை நீர்க்க வைக்கும் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். டைட்டானியம் ஒயிட் என்ற வெள்ளை வண்ணம் கெட்டி, கூடுதலாக ஒன்றிரண்டு சொட்டு கேட்கும். லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, ஊற்றவே ஊற்றாதீர்கள். கோடு வழுக்கும், விளிம்பு கசியும். தின்னர் அளவுக்கு மீறினாலும் கோடு பரவும், காய்ந்தபின் பிடிப்பில்லாமல் உதிரும். பிரஷ்ஷை அடிவரை தோய்த்து, விரலிடையே உருட்டிக்கொண்டே வெளியே இழுத்தால் நுனி ஊசியாகும். பேலட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விட்டுவிட்டு வந்தால் இன்னொரு சொட்டு தின்னர். குளமாக நின்றால் கொஞ்சம் வண்ணம்.

அடி வண்ணம் தடிமனாக இருந்தால் எந்த பிரஷ்ஷும் உதவாது. கோடு வரும் இடத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒத்தி, மெல்ல உரித்தெடுங்கள். மிச்சம் இருக்கும் மெல்லிய படலமே போதும்.

கைப்பிடியின் பின்கோடியைப் பிடியுங்கள். பிரஷ் கான்வாஸுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருக்கட்டும். மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து இழுங்கள். கிளை என்றால் அடிமரத்தில் லேசாக அழுத்தித் தொடங்கி, நுனியை நோக்கிப் போகும்போதே தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு பிரஷ்ஷைத் துடைத்து மறுபடி தோயுங்கள். துடைக்காமல் இழுக்கும் இரண்டாவது கோடு பாதி வானம், பாதி கிளை.

போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிசகினால் பேலட் கத்தியால் வழித்தெடுத்து, பின்னணியை நிரப்பி, புதிதாக இழுங்கள். கொடிமரம், கம்பி போன்ற நேர்கோடுகளுக்குக் கத்தியின் விளிம்பில் வண்ணத்தைத் தொட்டு ஒற்றினால் போதும். புல்லுக்கு பிரஷ்ஷின் பின்முனையால் கீறுவது இன்னும் சுலபம்.

நுனியைக் கூராக்க பிரஷ்ஷை வாயில் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சில வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன. தின்னரின் ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்து வையுங்கள். லின்சீட் ஆயில் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து, திறந்தவெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.